பசி போன பிறகு எப்படிச் சாப்பிடுவது? இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் கேட்கும் கேள்விகள்

உடல் எடையைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்களுக்கும் எழுதப்பட்ட பக்கம் இது. அளவுகள் பொதுவானவை. உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் கையில் தந்த தாள் இதிலிருந்து மாறுபட்டால் அந்தத் தாளைப் பின்பற்றுங்கள்.

கே: ஸ்லீவ், பைபாஸ் என்கிறார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம்?

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படும். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு ஒடுங்கிய குழாய். பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலில் இணைப்பார்கள். முதல் இரண்டு மாதச் சாப்பாட்டு முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிவு கூடுதலாக வரும். பைபாஸுக்குப் பிறகு இனிப்பு ஒத்துக்கொள்ளாமல் போவதும் விற்றமின் குறைபாடும் கூடுதல். உங்களுக்கு எது செய்தார்கள் என்று எழுதிய கடிதத்தைத் தொலைபேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

கே: பசியே வருவதில்லை. பசிக்காத நேரத்தில் ஏன் சாப்பிட வேண்டும்?

பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹோர்மோனில் பெரும்பகுதி இரைப்பையின் மேல் வளைவில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதியே. பைபாஸில் உணவு சீக்கிரமாகக் குடலின் கீழ்ப்பகுதியை எட்டுவதால், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹோர்மோன்கள் கூடுகின்றன. உங்களுக்குப் பசிக்காததற்குக் காரணம் மனவுறுதி கூடியதல்ல, சுரப்பு குறைந்ததுதான். உடலுக்குப் புரதமும் தண்ணீரும் எப்போதும் போலத் தேவை, அதைக் கேட்கும் குரல்தான் அடங்கியிருக்கிறது.

பசிக்காததைக் கொண்டாடிக்கொண்டு காலையில் ஒரு பிளேன்டீ, மத்தியானம் இரண்டு கரண்டி சூப், இரவு ஒன்றுமில்லை என்று போனால் எடை வேகமாகத்தான் இறங்கும். அப்படி இறங்குவதில் கொழுப்போடு தசையும் போகும். சில வாரங்களில் படி ஏறவே கால் நடுங்கும். ஆகவே மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள்: காலை 7, 10, மத்தியானம் 1, மாலை 4, இரவு 7 என்று ஐந்து தடவை. தொலைபேசியில் அலாரம் வைத்துவிட்டால் யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

கே: பசி திரும்பி வருமா?

வரும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் இடையில் மெல்ல மெல்லத் தலைகாட்டும். சத்திரசிகிச்சை தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உடல் எடை குறைந்ததை உணர்ந்து அதை ஈடுகட்டப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் கிடைக்கும் அமைதியான மாதங்களில் மெல்லச் சாப்பிடவும், புரதத்தை முதலில் எடுக்கவும், தட்டை மிச்சம் வைத்து எழும்பவும் பழகியவருக்கும் பழகாதவருக்கும் இரண்டாம் வருடத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கே: முதல் இரண்டு மாதம் எதை எப்போது தொடங்கலாம்?

முதல் இரண்டொரு நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: தண்ணீர், வடித்த சூப், சீனி போடாத மெல்லிய பிளேன்டீ. அதன் பிறகு இரண்டாம் வாரம் முடியும்வரை பால், வடித்த பருப்புத் தண்ணீர், மோர், புரதமா (புரதத் தூள்) கரைத்த பால். மூன்றாம், நான்காம் வாரம் குழந்தைக்குக் கொடுப்பது போல அரைத்து மசித்தவை. ஐந்தாம், ஆறாம் வாரம் விரலால் நசுக்கினால் நசுங்கும் மென்மையான உணவு: அவித்த மீன், அரை அவியல் முட்டை, கட்டித்தயிர், மசித்த பூசணி. ஏழு எட்டு வாரத்துக்குப் பிறகுதான் வீட்டுச் சாப்பாடு, அதுவும் ஒவ்வொன்றாக. உறைப்பையும் அப்போதே தொடங்குங்கள். நாட்கணக்கு வைத்தியருக்கு வைத்தியர் மாறும். ஆனால் வரிசையைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் உள்ளே தைத்த வரி ஆறுவதற்கு அந்த வாரங்கள் வேண்டும்.

பருப்புத் தண்ணீர் என்றவுடன் பலர் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் இறுத்துக் கொடுக்கிறார்கள். அதில் புரதம் இல்லை. இப்படிச் செய்யுங்கள்: இரண்டு மேசைக்கரண்டி மைசூர் பருப்பைக் கழுவி, ஒன்றரைக் கப் தண்ணீர், சிட்டிகை மஞ்சள், சிட்டிகை சீரகத்தூளோடு கரையும்வரை அவியுங்கள். உப்புப் போட்டு பிளெண்டரில் அடித்து, தேநீர் வடியில் கரண்டியால் தேய்த்து வடியுங்கள். வடியில் தங்குவது தோல் மட்டுமாக இருக்க வேண்டும். தாளிதம் வேண்டாம், முதற்பால் வேண்டாம். இந்த அளவில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் கிடைக்கும். அதை ஒரே தடவையில் குடித்து முடிக்க முடியாது, இரண்டு மூன்று வேளைக்குப் பிரியுங்கள். ரசம் தொண்டைக்கு இதம்தான், ஆனால் புரதக் கணக்கில் அது பூச்சியம். அரிசிக் கஞ்சியும் இலைக்கஞ்சியும் அப்படியே.

கே: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? இரண்டு மிடறுக்கே நெஞ்சு அடைக்கிறதே?

ஒன்றரை முதல் இரண்டு லீற்றர். முதல் வாரங்களில் வைத்தியசாலைக்குத் திரும்பி வருபவர்களில் கணிசமானோர் வருவது நீர் வற்றித்தான். கொழும்பு வெயிலில், அதுவும் மார்ச், ஏப்ரல் புழுக்கத்தில், வீட்டுக்குள் இருந்தாலும் வியர்வையில் போகும்.

இருமல் பாணிப் போத்தலோடு வரும் சிறு பிளாஸ்ரிக் கோப்பை உதவும். அது 30 மில்லிலீற்றர் கொண்டால், கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பை வீதம் மணித்தியாலத்துக்கு 120 மில்லிலீற்றர் ஆகும். விழித்திருக்கும் 13 மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றர் தாண்டிவிடும். ஒவ்வொரு கோப்பையையும் மூன்று நான்கு மிடறாகக் குடியுங்கள். மடமடவென்று குடித்தால் காற்றும் சேர்ந்து இறங்கி நெஞ்சு அடைக்கும். மிகக் குளிர்ந்த நீர் சிலருக்குப் பிடித்திழுக்கும், வெதுவெதுப்பாக முயன்று பாருங்கள். சிறுநீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்தால் தண்ணீர் போதவில்லை.

தம்பிலி நல்லதுதான், ஆனால் அதிலும் சீனி உண்டு. ஒரு தடவைக்கு கால் கப், சிறு மிடறாக. சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். சோடாக்கள் வேண்டாம்: வாயு உள்ளே விரியும், சீனி சும்மா இறங்கும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் தொடங்குங்கள். சோற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை வைப்பது நம் வீட்டுப் பழக்கம். கோப்பையை மேசையிலிருந்து எடுத்துவிட்டால்தான் கை போகாது.

கே: 60 கிராம் புரதம் என்கிறார்கள். அவ்வளவு சாப்பிட இடமில்லையே?

இலக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம். முதல் மாதத்தில் சாப்பாட்டால் மட்டும் அங்கே போய்ச் சேர முடியாது, அதனால்தான் புரதமா எழுதித் தருகிறார்கள். முட்டை ஒன்றில் 6 கிராம். சமைத்த மீன் 30 கிராமில், அதாவது தீப்பெட்டி அளவுத் துண்டில், 7 கிராம். அதே அளவு கோழியில் 8. கட்டியாக அவித்த பருப்பு அரைக் கப்பில் 9.

புரதமா விலை கட்டுப்படியாகவில்லை என்றால், 200 மில்லிலீற்றர் பாலில் ஆடை நீக்கிய பால்மா இரண்டு மேசைக்கரண்டி கூடுதலாகக் கரையுங்கள். 12 கிராம் வரை வரும். பைபாஸுக்குப் பிறகு பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றோட்டம் போனால், பாலைக் குறைத்துத் தயிருக்கு மாறுங்கள்.

மீனில் அறக்குளாவும் பாரையும் அவித்தால் மென்மையாக உதிரும். சூரை காய்ந்தால் நார் போலாகி அடைக்கும், ஆகவே குழம்பிலேயே போட்டு இறக்குங்கள். கருவாடும் பொரித்த நெத்தலியும் பல மாதம் கழித்து. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் தயிர், பருப்பு, மசித்த பயறு, டோஃபு என்று சேர்க்கலாம். சோயா மீட் மூன்றாம் மாதத்துக்கு முன் வேண்டாம். ஊறி, பஞ்சு போலாகி, மெல்லாமல் விழுங்கினால் வழியை மறிக்கும்.

கே: ஒரு வேளைச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவது?

சாசர் தட்டும் தேக்கரண்டியும் எடுங்கள். முதல் மாதம் ஒரு வேளைக்கு இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி, மூன்றாம் மாதம் அரைக் கப், ஒரு வருடம் கழிந்தால் ஒரு கப் வரை. முதலில் மீனோ முட்டையோ, அடுத்தது மரக்கறி, இடமிருந்தால் மட்டும் சோறு. எங்கள் தட்டில் சோறு நடுவிலும் மற்றவை ஓரத்திலும் இருக்கும். இதில் அந்தப் படம் தலைகீழாக வேண்டும்: நடுவில் மீன், ஓரத்தில் ஒரு தேக்கரண்டி சோறு.

ஒரு வாய் எடுத்தால் கரண்டியைக் கீழே வையுங்கள். 20, 25 தடவை மென்று கூழான பிறகு விழுங்குங்கள். அடுத்த வாய்க்கு ஒரு நிமிடம் விடுங்கள். முழுச் சாப்பாடும் 20 முதல் 30 நிமிடம். அதற்குள் முடியாததை மூடி வையுங்கள், வீணாகிறதே என்று வழித்துச் சாப்பிட வேண்டாம். கையால் சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: கவளம் தானாகவே பெரிதாகிவிடும். மூன்று விரல் நுனியில் பாக்கு அளவு எடுத்துப் பழகும்வரை கரண்டிதான் நல்லது.

கே: நிறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? பழைய மாதிரி வயிறு முட்டவில்லையே?

இனி அந்த முட்டல் வயிற்றில் வராது. நெஞ்சாங்கூட்டின் நடு எலும்புக்குக் கீழே ஒரு அழுத்தமாக வரும். சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கால் நீர், சிலருக்குத் திடீரென்று ஒரு பெருமூச்சு அல்லது தும்மல். உங்களுடைய அடையாளம் எது என்று இரண்டு மூன்று வாரம் கவனித்தால் பிடிபடும். அது வந்த பிறகு எடுக்கும் ஒரு கரண்டிதான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

தாண்டிவிட்டால் அழுத்தம் வலியாகும், வாயில் நுரையாக உமிழ்நீர் ஊறும், பிறகு சத்தி வரும். வருவது பெரும்பாலும் நுரையும் செரிக்காத துண்டும்தான். அடைத்ததைத் தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காதீர்கள், மேலே தேங்கி இன்னும் வலிக்கும். எழும்பி மெதுவாக நடந்து, துப்பி, இறங்கும்வரை பொறுங்கள். அன்றைய மிச்ச நேரம் நீராகாரம். எப்போதாவது நடந்தால் வேகமோ மெல்லாததோ காரணம். நாளுக்கு நாள் நடந்தால் குழாய் ஒடுங்கியிருக்கக்கூடும், காட்ட வேண்டும்.

கே: பாண், இடியப்பம், சோறு, கொத்து?

பாண்தான் முதல் எதிரி. உமிழ்நீரில் ஊறிப் பசையாகி ஒட்டிக்கொள்ளும். நன்றாக மொறுகச் சுட்ட மெல்லிய துண்டு அதைவிடத் தேவலை. இடியப்பம் சொதியில் ஊறி மசிந்தால் இறங்கும், சம்பலோடு உலர்வாக என்றால் அடைக்கும். புட்டும் அப்படியே. குத்தரிசிச் சோற்றைவிடக் குழைந்த சோறு முதலில் எளிது. கொத்து ரொட்டியில் மாவும் எண்ணெயும் ஒன்றாக வருகின்றன, ஆறு மாதம் மறந்துவிடுங்கள். அதன் பிறகும் அதிலுள்ள முட்டையையும் கோழியையும் பொறுக்கிச் சாப்பிடுபவர்தான் கெட்டிக்காரர்.

கே: பொங்கல் சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்தில் நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டியது. ஏன்?

சர்க்கரைப் பொங்கல், வட்டிலப்பம், பாயசம், வெசாக் தன்சலில் தரும் இனிப்புக் குளிர்பானம் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும். செறிந்த சீனி சிறுகுடலில் ஒரேயடியாக விழும்போது உடலின் நீர் குடலுக்குள் பாய்கிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றோட்டம் அதனால்தான். இதை டம்பிங் என்பார்கள். சாய்ந்து படுத்தால் அரை மணி, ஒரு மணித்தியாலத்தில் அடங்கும். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரும்.

இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் வரும். இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து இரத்தச் சீனி விழும்: நடுக்கம், குளிர் வியர்வை, அகோரப் பசி. மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்துவிட்டு, சற்றுப் பொறுத்து ஒரு முட்டையோ தயிரோ எடுங்கள். இனிப்போடு நிறுத்தினால் மறுபடி விழும். அந்த நேரத்தில் வாகனம் ஓட்டக் கூடாது. அடிக்கடி வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கே: இது உண்மையான பசியா, வேறெதுவுமா?

வெறும் வயிற்றில் எரிந்து கிள்ளுவது பெரும்பாலும் அமிலம். ஸ்லீவ் செய்தவர்கள் அதைப் பசி என்று எண்ணி ஒரு பிஸ்கட் எடுப்பார்கள். அமிலக் குளிசையைச் சொன்ன காலம் வரை நிறுத்தாமல் எடுங்கள். உள்ளே கடமுட என்று சத்தம் வந்தால் அது வாயு. கடைசியாகத் தண்ணீர் குடித்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தால் தாகம். ஆகவே முதலில் அரைக் கப் தண்ணீரை மெல்லக் குடித்து 15 நிமிடம் பாருங்கள்.

அதற்குப் பிறகும் இருந்தால் உங்களையே கேளுங்கள்: இப்போது அவித்த மீன் தந்தால் சாப்பிடுவேனா? ஓம் என்றால் பசி. மீன் வேண்டாம், ரோல்ஸோ மிக்சரோ என்றால் அது நாக்கின் ஆசை. காலிமுகத்திடலில் இறால் வடை வாசம் அடிக்கும்போது வருவதை எந்தச் சத்திரசிகிச்சையும் வெட்டி எடுப்பதில்லை.

கே: அளவாகத்தான் சாப்பிடுகிறேன். எடை நின்றுவிட்டதே?

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் இரண்டு வாரம் அளவில் நிற்பது வழமை. முதலில் போனதில் பாதி நீர், உடல் அதைச் சரிக்கட்டுகிறது. நிறுவையை வாரம் ஒரு தடவைக்கு மேல் மிதிக்காதீர்கள்.

எட்டாம் மாதத்தில் நின்றால் வேறு கதை. வழுக்கிக்கொண்டு இறங்கும் சாப்பாடுகளைத் தேடிப் பாருங்கள்: பிளேன்டீயில் தோய்த்த பிஸ்கட், ஐஸ்கிறீம், சொக்லேட், முறுக்கு. மீன் ஒரு துண்டோடு நிற்கும் அதே வயிறு, தேநீரில் தோய்த்த பிஸ்கட் ஒரு பக்கற்றுக்கும் 'போதும்' என்று சொல்லாது. மூன்று நாள் வாயில் போட்ட எல்லாவற்றையும், சீனி போட்ட பால் தேநீர் உட்பட, எழுதிப் பார்த்தால் விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

கே: விற்றமின் குளிசைகள் எவ்வளவு காலம்? தேநீரோடு போடலாமா?

வாழ்நாள் முழுக்க. இரும்புச் சத்துக் குளிசையைத் தேநீரோடு போட்டால் உறிஞ்சப்படாது, தேநீருக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். இரும்பும் கல்சியமும் ஒன்றாகக் கூடாது, இரண்டு மணித்தியாலம் விடுங்கள். கல்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 500, 600க்கு மேல் உடல் எடுக்காது. கல்சியத்தில் சிற்றேற்று (citrate) வகை, அமிலம் குறைந்த வயிற்றிலும் உறிஞ்சப்படும். பி12, டி, தயமின் ஆகியவையும் சேரும். இரத்தப் பரிசோதனை 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு வருடா வருடம். உடம்பு சுகமாக இருக்கிறது என்று நிறுத்துபவர்கள்தான் இரண்டு மூன்று வருடத்தில் கால் விறைப்போடும் இரத்தச் சோகையோடும் வருகிறார்கள்.

கே: பழைய மருந்துகள்?

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் அளவு சீக்கிரமே குறையும். பழைய அளவில் இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ எடுத்தால் சீனி ஆபத்தாக விழும். டைக்குளோபெனக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கும், வலிக்கு பரசிற்றமோல். பல்லுக்குக் காட்டும்போதும் பாமசியிலும் இதைச் சொல்லுங்கள். சிகரெட்டும் அதே புண்ணைத்தான் உண்டாக்கும். சாராயம் முன்னைவிட வேகமாக ஏறும். பைபாஸ் செய்த பெண்கள் கருத்தடைக் குளிசையை மட்டும் நம்ப வேண்டாம், 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

கே: கந்தசஷ்டி விரதம், ரமழான் நோன்பு?

முதல் வருடம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் பிரச்சினை. மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டியதை இரவின் சில மணித்தியாலத்தில் நிரப்ப முடியாது. பிறகு பிடிப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு, நோன்பு திறக்கும்போது தண்ணீரிலும் பாதிப் பேரீச்சம்பழத்திலும் தொடங்கி, கஞ்சியில் இறைச்சியை மசித்துச் சேர்க்கலாம். ஒரு நேரம் உண்ணும் விரதத்தில் எல்லாவற்றையும் அந்த ஒரு நேரத்தில் திணிப்பதே ஆபத்து.

கே: கலியாண வீட்டில், சொந்தக்காரர் வீட்டில் என்ன செய்வது?

வீட்டிலேயே முட்டை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சஹனில் சேர்ந்து உண்ணும்போது மற்றவர்களின் வேகம் தொற்றிக்கொள்ளும், தனித்தட்டு கேளுங்கள். "இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்று வரும் மாமியிடம் "வேண்டாம்" பலிக்காது. "டொக்டர் அளந்து தந்திருக்கிறார் மாமி, மீறினால் இங்கேயே சத்தி எடுப்பன்" என்றால் கரண்டி தானாகத் திரும்பும்.

கே: முடி கொட்டுகிறதே?

மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரை கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் சரியா என்று பாருங்கள், எண்ணெயில் காசைக் கொட்டாதீர்கள்.

கே: எப்போது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்?

முதல் வாரங்களில் காய்ச்சல், ஓய்விலும் நிமிடத்துக்கு 120க்கு மேல் நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடத் தோளில் வலி, மூச்சுத் திணறல் என்றால் தையல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். காலின் ஆடுதசை வீங்கி வலித்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும் தாமதிக்காதீர்கள். பைபாஸ் செய்தவருக்கு எத்தனை வருடம் கழித்தாயினும் திடீரென்று கடும் வயிற்று வலி வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். வாயுவென்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு படுக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நாட்கணக்கில் சத்தி எடுத்தவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ அது தயமின் வற்றியதன் அடையாளம். அவசரப் பிரிவில் இரண்டு விடயங்களைச் சொல்லிவிடுங்கள்: குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் தயமின் ஊசி வேண்டும், மூக்கு வழியாகக் குழாய் விடுமுன் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்க வேண்டும். தொலைபேசியில் படம் எடுத்து வைத்த கடிதத்தை அப்போது காட்டுங்கள்.